கோளாறு கண்ணாடியில் இல்லை

ஒவ்வோர் ஆண்டும் நோபல் பரிசுகள் அறிவிக்கப்படும் அக்டோபர் வாரத்தில், நான் படித்த பொறியியல் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். ஒளியிழையைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர், அவருக்கு வரவேண்டிய நோபலைத் தட்டிப் பறித்து ஒரு சீனருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அதில் இருக்கும். கூடவே தலைப்பாகை கட்டிய நரிந்தர் சிங் கபானியின் படம். கீழே வரிசையாகக் கோபச் சின்னங்கள். கடந்த முறை இதைப் பகிர்ந்த நண்பர், அடுத்த வாரமே இன்னொரு படத்தையும் பகிர்ந்தார். இட ஒதுக்கீட்டில் படித்த பொறியாளர் கட்டிய பாலம் இடிந்து விழுவதாக ஒரு கேலிப்படம். இரண்டுக்கும் கைதட்டியவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

வெளிநாட்டில் ஓர் இந்தியருக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டால் கொதிக்கிற ரத்தம், உள்நாட்டில் ஒருவனுக்கு ஆய்வகக் கதவே மறுக்கப்படும்போது ஏன் உறைந்து போகிறது? இதைக் கேட்க எனக்கு இரண்டு உரிமைகள் இருக்கின்றன. நான் ஒளியிழை உணரிகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். சின்னசேலம் பக்கத்துக் காலனியில் பிறந்தவன்.

முதலில் அந்த நோபல் கதையை நேர்மையாகப் பேசிவிடுவோம்.

கபானி 1926இல் பஞ்சாபின் மோகாவில் பிறந்தவர். ஒளி நேர்கோட்டில் மட்டுமே போகும் என்று டேராடூனில் ஓர் ஆசிரியர் சொன்னதை நம்ப மறுத்ததில்தான் தன் ஆய்வு தொடங்கியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். ஆயிரக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, அதன் ஒரு முனையில் காட்டிய படத்தை வளைந்த மறுமுனையில் பார்க்க முடியும் என்று இருவரும் 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பிறகு அமெரிக்கா போனார், சிகாகோவின் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார், சொந்தமாக நிறுவனம் தொடங்கினார், நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார். ஆங்கிலத்தில் இத்துறைக்குப் பெயர் நிலைத்ததும் அவர் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையால்தான். பெரிய மனிதர், சந்தேகமில்லை. 2020இல் இறந்த பிறகு அவருக்கு இந்திய அரசு பத்ம விபூஷண் கொடுத்தது.

ஆனால் 2009இல் இயற்பியல் நோபலின் பாதியைப் பெற்ற சார்லஸ் காவோவின் வேலை வேறு. கபானி இழைக்குள் படம் கடத்தினார், மருத்துவர்கள் வயிற்றுக்குள் பார்க்கும் கருவி அந்த வழியில் வந்தது. காவோ கேட்ட கேள்வி: இந்த இழையில் பல கிலோமீட்டர் தூரம் பேச முடியுமா? அந்தக் காலத்துக் கண்ணாடியில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1000 டெசிபல் இழப்பு. எளிமையாகச் சொன்னால், வெறும் 20 மீட்டரில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு ஒளி செத்துப்போகும். அதனால் கண்ணாடி தொலைத்தொடர்புக்கு லாயக்கில்லை என்று துறையே முடிவு கட்டிவிட்டிருந்தது. அதன் இயல்பே அப்படி, அதனால் முடியாது, வேறு பொருளைப் பாருங்கள் என்றார்கள்.

காவோ அந்த முடிவை ஏற்கவில்லை. இழப்பு கண்ணாடியின் இயல்பா, அல்லது அதற்குள் கலந்துவிட்ட வேறெதனாலுமா என்று பிரித்துப் பார்த்தார். குற்றவாளி கண்ணாடி இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற உலோக மாசுகள் என்று கண்டார். மாசை நீக்கினால் இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குக் கீழே கொண்டுவரலாம் என்று ஜார்ஜ் ஹாக்கமுடன் சேர்ந்து 1966இல் எழுதினார். பலர் நம்பவில்லை. தூய சிலிக்காவை அளந்து காட்டினார், நாடு நாடாகக் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு அலைந்தார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மூன்று பேர் 17 டெசிபல் இழையை இழுத்துக் காட்டினார்கள். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்தான். சின்னசேலத்தில் விடும் ஒளி பதினாறு கிலோமீட்டர் தாண்டிக் கள்ளக்குறிச்சி சேரும்போது ஏறக்குறைய பாதி அப்படியே மிச்சம் இருக்கும். அன்று 20 மீட்டரில் இழந்ததை இன்று 100 கிலோமீட்டரில்தான் இழக்கிறோம்.

அந்த இடைவெளிக்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. “முடியவில்லை” என்று வந்தபோது, பொருளைக் குறை சொல்லாமல், அதற்குள் எதைக் கலந்து வைத்திருக்கிறோம் என்று கேட்டார்கள்.

இந்தியக் கல்வி நிறுவனங்கள் எழுபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்க மறுக்கும் கேள்வியும் இதுதான்.

2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து படிப்பைப் பாதியில் விட்ட பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். ஐஐடிகளில் மட்டும் 1,068 பட்டியலின மாணவர்கள், 408 பழங்குடி மாணவர்கள், 2,066 பிற்படுத்தப்பட்ட மாணவர்கள். இதற்கு அமைச்சர் தந்த விளக்கம், மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, அவர்களே வேறு நிறுவனத்துக்கோ வேறு படிப்புக்கோ மாறிக்கொள்கிறார்கள் என்பது. ஐஐடிக்குள் நுழைய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஊனுறக்கம் இல்லாமல் படித்த பிள்ளை, உள்ளே போனதும் சும்மா மாறிக்கொள்கிறானாம். இழப்பு இருக்கிறது, ஆனால் மாசு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்கிறார்கள். 1960களில் கண்ணாடியைத் தூக்கி எறிந்தவர்களாவது அளவையை மறைக்கவில்லை.

மாணவர்கள் போகட்டும். ஒரு பேராசிரியரின் ஆய்வு வாழ்க்கை எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். 23 ஐஐடிகளில் பணியில் இருந்த ஆசிரியர்கள் 6,043 பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் 149 பேர், பழங்குடியினர் 21 பேர் என்று சில ஆண்டுகளுக்கு முன் நாடாளுமன்றத்தில் வந்த கணக்கு சொன்னது. சட்டப்படியான 15, 7.5 விழுக்காடுகளைப் போட்டால் 900க்கும் மேற்பட்ட பட்டியலினப் பேராசிரியர்களும் 450 பழங்குடிப் பேராசிரியர்களும் இருந்திருக்க வேண்டும். இருப்பது ஆயிரத்துக்கு மூன்றரை பழங்குடியினர்.

இதைச் சரிசெய்யத்தான் 2019இல் மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணியிட இட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. வந்த மறு ஆண்டே, ஐஐடி டெல்லி இயக்குநர் தலைமையில் அரசு அமைத்த குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? ஐஐடிகளை “தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள்” என்ற காரணம் காட்டி அந்தச் சட்டத்திலிருந்தே விலக்குங்கள் என்று. சட்டத்தை எப்படி நிறைவேற்றுவது என்று ஆலோசனை சொல்லக் கூட்டப்பட்ட குழு அது. மருந்து வாங்கி வரச் சொன்னால் மருந்துக்கடையையே மூடச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

“தகுதியானவர்கள் கிடைக்கவில்லை” என்பதுதான் அவர்களின் நிரந்தரப் பல்லவி. நேர்காணல் நடத்துவார்கள், பத்து நிமிடம் பேசுவார்கள், “எவரும் பொருத்தமில்லை” என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுவார்கள். அந்தப் பொருத்தத்தின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். இங்கே பெரிய நிறுவனங்களின் ஆசிரியர் பணி விளம்பரங்களில், முனைவர் பட்டத்துக்கு முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பு, தொடக்கம் முதல் மிகச் சிறந்த மதிப்பெண்கள் என்ற நிபந்தனை இருக்கும். சார்லஸ் காவோ இலண்டனின் வுல்விச் பாலிடெக்னிக்கில் படித்து 1957இல் வாங்கியது இரண்டாம் வகுப்புப் பட்டம். புத்தகத்தோடு இருந்ததைவிட டென்னிஸ் மைதானத்தில் அதிக நேரம் இருந்ததால் அப்படி ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். மறதிநோயால் பேச முடியாத நிலையில் இருந்த அவருடைய நோபல் உரையை அவர் மனைவி க்வென்தான் மேடையேறி வாசித்தார். டென்னிஸ் ஆடி இரண்டாம் வகுப்பு வாங்கியவர் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் துறையைத் தொடங்கினார், பின் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார், நோபலும் வாங்கினார். இங்கே அவர் விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். ஓய்வு நாளில் அப்பனோடு கரும்பு வெட்டப் போய் இரண்டாம் வகுப்பு வாங்கிய பையனின் விண்ணப்பம் இன்றும் அங்கேதான் போகிறது.

பிறப்பைப் பார்த்து ஆய்வாளனைத் துரத்தினால் அறிவியலுக்கு என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கபானிக்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1930இல், ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹைன்ரிக் லாம் என்ற மருத்துவ மாணவர் கண்ணாடி இழைக் கட்டின் வழியாக ஒரு மின்விளக்கின் இழையைப் படமாகக் கடத்திக் காட்டினார். லாம் ஒரு யூதர். நாஜிகள் வந்தார்கள். அவர் உயிர் தப்பி அமெரிக்கா போய் டெக்சாஸில் அறுவை மருத்துவராகக் காலம் கழித்தார். அந்த ஆய்வு அங்கேயே நின்றது. கபானிக்காக அழுகிற நம் தேசபக்தர்கள் லாமை ஏன் நினைப்பதில்லை? நினைத்தால், பிறப்பின் பேரால் ஆய்வகத்தை விட்டு ஆட்களை விரட்டுவது எவ்வளவு கேவலம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையோரம் கேபிள் பதிக்கும் வேலை நடந்தது. பொக்லைன் வராத இடங்களில் பள்ளம் தோண்டியது எங்கள் காலனி ஆட்கள். அப்பாவும் போனார். ஐந்தரை அடி ஆழம் இருக்க வேண்டும். உள்ளே இறங்கிக் குனிந்தால் ஆள் தெரியாது. மீட்டர் கணக்கில் கூலி என்பதால், பாறை தட்டிவிட்டால் அன்றைய நாள் போச்சு. அதில் என்ன போடப் போகிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. “ஏதோ கண்ணாடிக் கம்பியாம்டா, அதுல பேச்சு போவுமாம்” என்றார். சாலையோர ஊர்களில் தண்ணீர் கேட்டால் முதலில் “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று விசாரித்துவிட்டுத்தான் கையில் ஊற்றினார்கள் என்பதையும் சொன்னார்.

அந்தக் கண்ணாடிக் கம்பியைப் படிக்கத்தான் நான் பொறியியலுக்குப் போனேன். கல்வி உதவித்தொகையில் படித்தேன். கட்டக், தியாகராஜன் எழுதிய ஒளியிழைப் பாடநூலின் நகலை வாங்கி வரி வரியாக அகராதி வைத்துப் படித்தேன். தேர்வு எழுதி முனைவர் பட்டத்துக்குத் தேர்வானேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் அது இருக்கிறது என்பதால் பெயர் சொல்லி ஒன்றைத் தனிமைப்படுத்தவும் விரும்பவில்லை.

சேர்ந்த முதல் வாரம் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் கேட்டார், “எந்த கேட்டகரி?” சொன்னேன். அதன்பின் எவரும் என்னைத் திட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அப்படியெல்லாம் செய்தால் வழக்குப் போடலாமே! நடந்தது வேறு. ஆய்வகத்தில் ஒரு ஸ்பிளைசிங் இயந்திரம் இருந்தது. இரண்டு இழைகளின் முனைகளை நேருக்கு நேர் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டும் கருவி. இழையின் மொத்த விட்டம் 125 மைக்ரான், ஒளி ஓடும் உட்பகுதி வெறும் 9 மைக்ரான். ஒட்டு கொஞ்சம் விலகினாலும் இழப்பு ஏறிவிடும். இழை உணரி செய்கிறவனுக்கு அந்த இயந்திரம் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை. “காஸ்ட்லி மெஷின், நீ முதல்ல சிமுலேஷன் பண்ணு” என்றார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் முதல் மாதமே அதில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிப்பார்கள் என்பது வரைக்கும் நெறியாளருக்குத் தெரியும், ஒரே ஊர், ஒரே வட்டம். நான் பதினான்கு மாதம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டு மதிப்பீட்டில் என்னைப் பற்றி எழுதினார்கள்: “சோதனைத் திறன் போதாது.”

அந்த விடுமுறையில் ஊருக்கு வந்தேன். இரவு பத்து மணிக்குச் சித்தப்பா மகன் கிளம்பிக்கொண்டிருந்தான். ஐடிஐ முடித்துவிட்டு, ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கேபிள் ஜாயின்ட் போடும் வேலையில் இருக்கிறான். எங்கோ சாலைப் பணியில் கேபிள் அறுந்துவிட்டதாம். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். நெடுஞ்சாலை ஓரம், மழைத் தூறல், குடை பிடிக்க ஓர் ஆள், தலையில் கட்டிய டார்ச். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மேல் ஸ்பிளைசிங் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அவன் இழையை உரித்தான், ஆல்கஹாலில் துடைத்தான், வெட்டினான், ஒட்டினான். திரையில் இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டியது. அடுத்தது 0.01. அடுத்தது 0.02. விடியும் முன் நாற்பத்தெட்டு இழைகளையும் முடித்துவிட்டான். ஆய்வகத்தில் பதினான்கு மாதம் என்னைத் தொட விடாத இயந்திரத்தின் அதே ரகம்தான் அது.

“இதுல என்னாண்ணா இருக்குது? கை நடுங்கக்கூடாது, தூசி படக்கூடாது, அவ்ளோதான்” என்றான்.

அவனுக்குப் பணிப் பாதுகாப்பு கிடையாது, இரவுப்படி கிடையாது, காப்பீடு கிடையாது. அவன் ஒட்டிய இழை வழியாகத்தான் “மெரிட் செத்துவிட்டது” என்ற கேலிப்படங்கள் இந்த நாடெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதுதான் நாம் பெயர் சொல்லிப் பேச வேண்டிய உழைப்புப் பிரிவினை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்றார் அம்பேத்கர். ஒளியிழைத் துறை புத்தம் புதியது, மனுநீதியில் அதற்கு வருணம் ஒதுக்கப்படவில்லை. இருந்தும் பாருங்கள்: பள்ளம் தோண்ட ஒரு கூட்டம், மழையில் ஒட்டுப்போட ஒரு கூட்டம், குளிரூட்டிய அறையில் அதைப் பற்றிக் கட்டுரை எழுத ஒரு கூட்டம். ஐம்பது ஆண்டுகூட ஆகாத ஒரு தொழிலில் இவ்வளவு கச்சிதமாகப் பழைய படிக்கட்டைக் கட்டி முடித்திருக்கிறார்கள். தொழில்நுட்பம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சின்னசேலத்திலிருந்து வடக்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். இந்தப் படிக்கட்டின் அடிப்படியில் நிற்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள். ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அந்த மலை அரசின் கைக்கு வந்ததே 1976இல்தான். நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழித்து! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. மக்கள் செத்தால்தான் மலை கண்ணுக்குத் தெரிகிறது.

2025இல் அந்த மலையிலிருந்து ஒரு பழங்குடி மாணவி ஐஐடி மெட்ராஸில் இடம் பிடித்தார். எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். அந்தத் தங்கைக்கு என் வணக்கம். ஆனால் கொண்டாட்டம் முடிந்த பின் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அவர் உள்ளே போய்ச் சேரும் இடத்தில், தன்னைப் போன்ற ஒரு பேராசிரியரை எந்த வகுப்பறையில் பார்ப்பார்? அந்த வளாகத்தில்தான் கணிதப் பேராசிரியர் வசந்தா கந்தசாமி ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார், அதற்காக 2006இல் தமிழ்நாடு அரசின் கல்பனா சாவ்லா விருதும் பெற்றார். அங்கேதான் 2021இல் விபின் வீட்டில் என்ற உதவிப் பேராசிரியர், சாதிப் பாகுபாடுதான் காரணம் என்று எழுதி வைத்துவிட்டுப் பதவி விலகினார். பேராசிரியர்களின் நிலையே இதுவென்றால், மலையிலிருந்து தனியாக வந்த மாணவியின் நிலை என்ன?

“அப்படியானால் வெளிநாடு போய்ப் படியுங்களேன், கபானி போகவில்லையா?” என்பார்கள். போகலாம். பழங்குடி மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு எத்தனை பேருக்குத் தெரியுமா? நாடு முழுவதற்கும் 20 பேருக்கு. பட்டியலினத்தவருக்கும் வேறு சில பிரிவினருக்கும் சேர்த்து 125. 2025இல் அந்த உதவித்தொகைக்கு முதல் சுற்றில் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பல்கலைக்கழகம் நிதி வரும் வரைக்கும் காத்திருக்குமா?

நம் பக்கத்திலும் ஒரு கசப்பான உண்மையைப் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் சமூகநீதி என்றால் நமக்கு 69 விழுக்காடு நினைவுக்கு வருகிறது, பெருமையாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் நம் பேச்சு சேர்க்கையோடு நின்றுவிடுகிறது. நுழைவு வாயில் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இம்மாநிலத்தின் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் சுயநிதிக் கல்லூரிகள். அவற்றில் மாணவர் சேர்க்கைக்கு ஒதுக்கீடு உண்டு, ஆசிரியர் நியமனத்துக்கு இல்லை. யார் துறைத் தலைவர், யார் தற்காலிக விரிவுரையாளர் என்ற கணக்கை எந்தக் கட்சியும் கேட்டதில்லை. 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கிறோம் என்று அரசு சொல்கிறது. நல்லது. அந்த இழையை ஒட்டுகிற பிள்ளைகள் அதை ஆராய்கிறவர்களாக ஆவதற்கு என்ன வழி என்று அதே அரசைக் கேட்கிற கடமை நமக்கு இருக்கிறது.

எனவே புலம்பலோடு முடிக்க விரும்பவில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் தோழர்கள் தத்தம் வளாகத்தில் இன்றே கேட்கக்கூடியவை இவை. துறை வாரியாக ஆசிரியர், ஆய்வாளர் எண்ணிக்கையைச் சமூகப் பிரிவோடு வெளியிடச் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பத்து ரூபாய்தான் செலவு. “எவரும் பொருத்தமில்லை” என்று மூடப்பட்ட ஒவ்வொரு நேர்காணலுக்கும் எழுத்தில் காரணம் கேளுங்கள். ஆய்வகக் கருவிகளை யார் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார்கள் என்ற பதிவேட்டை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், என் பதினான்கு மாதங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விஷயம் இதுதான். உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிச்சைபோல வரக்கூடாது என்று போராடுங்கள். ஐடிஐ முடித்து வேலை செய்யும் தொழிலாளர்கள் பட்டயப் படிப்பும் பொறியியலும் படிக்கத் தனி வழி கேளுங்கள்.

அன்றிரவு ஒட்டுவேலை முடிந்ததும் சித்தப்பா மகன் ஓடிடிஆர் என்ற கருவியைச் செருகினான். அது இழைக்குள் ஒரு துடிப்பு ஒளியை அனுப்பும். வழியெல்லாம் சிதறித் திரும்பி வருகிற ஒளியை வைத்து எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு இழப்பு என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அவன் போட்ட ஒட்டுகளில் கோடு வழவழவென்று போனது. தொலைவில் ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாக விழுந்தது.

“கேபிள் பழசாகிப் போச்சா?” என்று கேட்டேன்.

அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான். “ஃபைபர் நல்லாத்தாண்ணா இருக்குது. முன்ன எவனோ ஜாயின்ட்டக் கெடுத்து வச்சிருக்கான். எடம் தெரிஞ்சிபோச்சில்ல, போய் அறுத்துட்டுப் புதுசா போட்டுர்லாம்.”